படர்தாமரை, நகச்சொத்தை, தேமல்: சுரண்டி எடுக்கற டெஸ்ட் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விங்க

நான் லேப்ல சாம்பிள் எடுக்கற பக்கம் வேலை பாக்கறேன். வர்றவங்க கேக்கறது பெரும்பாலும் ஒரே கேள்விங்கதான், அவசரத்துல நின்னுக்கிட்டே பாதி பதில் சொல்லி அனுப்பறதுக்கு பதிலா மொத்தமா ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். மருந்து எது, எத்தன நாள்ங்கறதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியது, அதுக்குள்ள நான் போகல.

பார்த்தாலே படர்தாமரைன்னு தெரியுது, இதுக்கு எதுக்கு டெஸ்ட்டு?

பல நேரம் நீங்க சொல்றது சரிதான். வட்டமா, ஓரம் மட்டும் சிவந்து தடிச்சு, நடுவுல ஆறின மாதிரி இருந்தா டாக்டர் பார்த்த உடனே மருந்து எழுதிடுவாரு, அதுல தப்பே இல்ல. ஆனா வட்டமா வர்றதெல்லாம் படர்தாமரை கெடையாது. காசு மாதிரி வட்டமா வர்ற ஒரு எக்ஸிமா இருக்கு, சொரியாசிஸ் சில சமயம் அப்படி வரும், பிட்ரியாசிஸ் ரோசியான்னு தானாவே வந்து தானாவே போற ஒண்ணும் இருக்கு, இதுக்கெல்லாம் பூஞ்சை மருந்து போட்டா ஒண்ணும் ஆகாது.

டெஸ்ட் இல்லாம போகவே கூடாதுன்னு நான் நெனைக்கற எடங்க: மருந்து போட்டும் அடங்கல, ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போட்டு உருவமே மாறிடுச்சு, தலையில முடி கொட்டுற திட்டு, அப்புறம் நகம். நகம் தடிச்சு மஞ்சளாகி வர்றவங்கள்ல சுமார் பாதிப்பேருக்குத்தான் காரணம் பூஞ்சை, மீதிப்பேருக்கு சொரியாசிஸ், பழைய அடி, செருப்பு உரசல் இப்படி வேற ஏதோ ஒண்ணு. மாசக்கணக்குல மாத்திரை சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுரண்டி பாத்துக்கறது நல்லதுதானே.

ரத்தம் எடுத்து பார்க்க முடியாதா?

முடியாது. இந்த பூஞ்சைங்க தோலோட மேல இருக்கற செத்த அடுக்கு, முடி, நகம் இதுல இருக்கற கெரட்டின்ங்கற புரதத்த தின்னுட்டு அங்கேயே கெடக்கும், ரத்தத்துக்கு வராது. ஐ.ஜி.ஈ-ங்கற ரத்தப் புரதம் அதிகமா இருக்குன்னு ஒரு ரிப்போர்ட்ட காட்டி "அப்ப பூஞ்சைதானே"ன்னு கேக்கறாங்க, அது அலர்ஜி இருந்தாலும் ஏறும், அத வச்சு எதுவும் சொல்ல முடியாது.

அப்ப டாக்டர் ஏன் ரத்த டெஸ்ட்டும் எழுதினாருன்னா, ரெண்டு காரணம் இருக்கலாம். மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஈரல் எப்படி இருக்குன்னு பார்க்க, இல்லன்னா திரும்பத் திரும்ப வருதேன்னு சர்க்கரை பார்க்க. ரெண்டுமே பூஞ்சைய கண்டுபிடிக்கற டெஸ்ட் இல்ல.

சுரண்டும்போது வலிக்குமா? ரத்தம் வருமா?

பிளேட கையில பார்த்ததும் முகம் மாறிடும் எல்லாருக்கும். வெட்டறதே இல்லைங்க, பிளேடோட கூர்ப்பக்கத்த தோலுக்கு கிட்டத்தட்ட நேரா நிறுத்தி வெளிய பாத்து சுரண்டுவோம், செதில் மட்டும் உதிரும். குழந்தைங்களுக்கு பிளேடுக்கு பதிலா கண்ணாடி ஸ்லைடோட ஓரத்தாலயே எடுத்துடலாம். தொடையிடுக்குல கொஞ்சம் எரியும், அவ்ளோதான். ரத்தம் வந்தா நாங்க ஆழமா போயிட்டோம்னு அர்த்தம், ரத்தம் கலந்தா எங்களுக்கும் பார்க்கறது கஷ்டம்.

நடுவுலதானே மொதல்ல வந்துச்சு, ஏன் ஓரத்துல சுரண்டறீங்க?

பூஞ்சை வெளிப்பக்கமா படர்ந்துகிட்டே போகும், நடுப்பகுதிய அது விட்டுட்டு போயிடுச்சு. இப்ப உசுரோட வளர்ந்துகிட்டு இருக்கறது அந்த செவந்த ஓரத்துலதான். நடுவுல எடுத்தா நோய் இருந்தும் நெகட்டிவ் வர வாய்ப்பு அதிகம். ரொம்ப நாளா இருக்கறதுல வட்டத்துக்குள்ள வட்டமா வரும், அப்ப எந்த ஓரத்துல செதில் அதிகமோ அங்க எடுப்போம். சின்ன கொப்புளம் இருந்தா அதோட மேல்தோல கத்தரிச்சு எடுக்கறது இன்னும் நல்லது.

இன்னொண்ணு, சாம்பிள் நெறைய வேணும். ரெண்டு செதில் எடுத்துட்டு போதும்னு சொல்ற லேப்ல ரிப்போர்ட் எப்படி வரும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. காஞ்ச படர்தாமரைல பஞ்சு குச்சிய தேச்சு எடுத்துட்டு போறதையும் பாத்திருக்கேன், பஞ்சுல செதில் ஒட்டாது. குச்சி கேண்டிடாங்கற ஈஸ்ட் வகை பூஞ்சை சந்தேகம் இருக்கற ஈரமான எடத்துக்கு ஓகே, படர்தாமரைக்கு வேஸ்ட்.

வர்றதுக்கு முன்னாடி குளிக்கலாமா? பவுடர், எண்ணெய் போடலாமா?

குளிங்க, தாராளமா. ஆனா அன்னைக்கு அந்த எடத்துல பவுடர், எண்ணெய், மாய்ஸ்சரைசர் எதுவும் வேண்டாம். எண்ணெய் மைக்ராஸ்கோப்புல சொட்டு சொட்டா தெரிஞ்சு ஈஸ்ட் மாதிரி ஏமாத்தும், பவுடர் துகள் குழப்பும். நகத்துக்கு வர்றவங்க நெயில் பாலிஷ எடுத்துட்டு வாங்க. நாங்க எப்படியும் 70% ஆல்கஹால் வச்சு துடைச்சிட்டு காய விட்டுதான் எடுப்போம், அதுக்காக அசால்ட்டா வந்துடாதீங்க.

நகத்த ஒட்ட வெட்டிட்டு வராதீங்க, ப்ளீஸ். சுத்தமா இருக்கட்டும்னு வெட்டிட்டு வந்து நிப்பாங்க, எங்களுக்கு வேண்டியது வீட்டு குப்பைத்தொட்டில கெடக்கும்.

கடையில கேட்டு ஒரு க்ரீம் வாங்கி ரெண்டு வாரமா போடறேன், இப்ப எடுத்தா சரியா வருமா?

அந்த ட்யூப எடுத்துட்டு வாங்க, மொதல்ல அதுல என்ன இருக்குன்னு பார்க்கணும். வெறும் பூஞ்சை மருந்து மட்டும்னா செதில்ல பூஞ்சை கொறஞ்சிருக்கும், பாதி செத்திருக்கும், அதனால நெகட்டிவ் வரலாம். க்ரீம நிறுத்தி ரெண்டுல இருந்து நாலு வாரம் கழிச்சு எடுத்தாதான் நம்பகமா இருக்கும். நகத்துக்கு பாலிஷ் மாதிரி பூசற மருந்து (லாக்கர்)னா இன்னும் அதிக இடைவெளி வேணும். மாத்திரை சாப்பிட்டா அது தோல்லயும் நகத்துலயும் தேங்கி நிக்கும், நகத்துல மாசக்கணக்குல கூட இருக்கும். ஆனா மாத்திரைய டெஸ்ட்டுக்காக நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்தவர்கிட்ட கேளுங்க.

ஸ்டீராய்டு கலந்த க்ரீம்னா கதை தலைகீழ். க்ளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் மாதிரி பேரு ட்யூப்ல இருந்தா அதுதான். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கிடும், தோலோட எதிர்ப்பையும் சேத்து அடக்கிடும், பூஞ்சைக்கு கொண்டாட்டம். கண்ணுக்கு படர்தாமரை மாதிரியே இருக்காது, ஓரம் மங்கிப் போயிருக்கும், ஆனா சுரண்டி பார்த்தா ஸ்லைடு முழுக்க பூஞ்சையா நெறைஞ்சிருக்கும். இதுக்கு டினியா இன்காக்னிட்டோன்னு பேரு. என்னோட ஒரே கோரிக்கை, மொதல்ல சுரண்டல், அப்புறம் க்ரீம், இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க. இந்த பக்கத்துல பாதி கேள்வி அந்த வரிசை மாறினதாலதான் வருது.

கே.ஓ.எச்-னு எழுதியிருக்கு, அது என்ன? கொஞ்ச நேரத்துலயே எப்படி ரிசல்ட் சொல்றீங்க?

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஒரு காரம். செதில ஸ்லைடுல வச்சு 10 இல்லன்னா 20% கரைசல் ஒரு சொட்டு விட்டு மூடி வச்சா பத்து பதினஞ்சு நிமிஷத்துல தோல் செல்லெல்லாம் கரைஞ்சு தெளிவாயிடும், பூஞ்சையோட சுவர் வேற பொருளால ஆனதால அது கரையாம நிக்கும். நகம் கெட்டி, அதுக்கு இன்னும் அழுத்தமான கரைசலும் பல மணி நேரமும் தேவைப்படும், அதனால நக ரிப்போர்ட் அடுத்த நாள்னு சொன்னா கோச்சுக்காதீங்க. படர்தாமரை வகைல கிளை விட்ட, குறுக்கு தடுப்பு போட்ட நீளமான இழைங்க தெரியும், ரிப்போர்ட்ல செப்டேட் ஹைஃபேன்னு வர்றது அதுதான்.

இது ஈஸியான டெஸ்ட் மாதிரி தெரியும், பார்க்கற கண்ணு பழகியிருக்கணும். துணி நூல், காத்துக் குமிழி, செல்லுக்கு நடுவுல தெரியற கோடு எல்லாமே புதுசா பாக்கறவங்களுக்கு பூஞ்சையாத்தான் தெரியும். அதனாலதான் சில லேப்ல நீலக்கருப்பு இங்க், க்ளோரசால் பிளாக் மாதிரி சாயம் சேப்பாங்க, வசதி இருக்கற எடத்துல கால்கோஃப்ளூர் ஒயிட்னு ஒண்ணு போட்டு ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க, பூஞ்சை மட்டும் பளிச்சுன்னு எரியும்.

கே.ஓ.எச் பார்த்தாச்சே, அப்புறம் கல்ச்சர் எதுக்கு? ஏன் ஒரு மாசம் இழுக்கறீங்க?

கே.ஓ.எச்-ல பூஞ்சை இருக்கா இல்லையான்னு தெரியும், எந்த பூஞ்சைன்னு தெரியாது. அதுக்கு வளர்த்துதான் பார்க்கணும், அதுதான் கல்ச்சர். சாபுரோ அகார்னு ஒரு ஊடகம், பிரெஞ்சு தோல் டாக்டர் ரேமண்ட் சாபுரோ பேர்ல வந்தது, அதுல பாக்டீரியா வராம இருக்க க்ளோராம்ஃபெனிக்காலும், காத்துல வர்ற பூஞ்சணத்த அடக்க சைக்ளோஹெக்சிமைடும் கலந்து செதில விதைச்சு 25ல இருந்து 30 டிகிரி செல்சியஸ்ல வைப்போம்.

படர்தாமரை பூஞ்சைங்க மெதுவாத்தான் வளரும். சிலது ஒரு வாரத்துல தலை காட்டும், ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் ரெண்டு வாரம் கூட எடுக்கும், மாடு கன்னுகிட்ட இருந்து ஒட்டற ட்ரைக்கோஃபைட்டான் வெருக்கோசம் இன்னும் சோம்பேறி, அதுக்கு 37 டிகிரி குடுத்தாதான் நல்லா வரும். அதனால நாலு வாரம் காத்திருந்துட்டுதான் வளரலன்னு எழுதுவோம். கேண்டிடா மட்டும் ஒண்ணு ரெண்டு நாள்ல வந்துடும்.

ரெண்டு ரிப்போர்ட் வந்திருக்கு சார், கே.ஓ.எச் பாசிட்டிவ், கல்ச்சர் நெகட்டிவ். எதை நம்பறது?

கே.ஓ.எச்-அ. மைக்ராஸ்கோப்புல செத்த பூஞ்சையும் தெரியும், அகார்ல உசுரோட இருக்கறதுதான் வளரும். க்ரீம் போட்டிருந்தா இந்த ரிசல்ட் சகஜம், நகத்துல இன்னும் சகஜம், ஏன்னா நக நுனில இருக்கற இழைங்க பெரும்பாலும் செத்ததுதான். தலைகீழா வந்தாலும், அதாவது கே.ஓ.எச் நெகட்டிவ், கல்ச்சர்ல படர்தாமரை பூஞ்சை வளர்ந்திருக்குன்னா, அதுவும் பாசிட்டிவ்தான்.

ரிப்போர்ட் நெகட்டிவ், ஆனா அரிப்பு தாங்கல. அப்ப எனக்கு பூஞ்சை இல்லையா?

இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாது. எங்கிருந்து எடுத்தாங்க, எவ்ளோ எடுத்தாங்க, முன்னாடி என்ன க்ரீம் போட்டீங்க, யார் பாத்தாங்க இதெல்லாம் சேர்ந்துதான் அந்த ரிசல்ட். பாசிட்டிவ்னா நம்பலாம், ஒரே ஒரு நெகட்டிவ வச்சு முடிவு கட்டாதீங்க. டாக்டருக்கு சந்தேகம் இருந்தா மறுபடி எடுக்க சொல்லுவாரு, அது காசு புடுங்க இல்ல.

ரெண்டு மூணு தடவை சரியா எடுத்தும் நெகட்டிவ்னா அப்ப வேற பக்கம் யோசிக்கணும், மேல மொத கேள்வில சொன்ன எக்ஸிமா, சொரியாசிஸ் பக்கம்.

நகத்துல எப்படி எடுப்பீங்க? நுனிய வெட்டி குடுத்தா போதாதா?

நுனில செத்த பூஞ்சையும் வெளி அழுக்கும்தான். நல்ல நகமும் கெட்ட நகமும் சேர்ற எடத்துக்கு எவ்ளோ கிட்ட போக முடியுமோ அவ்ளோ கிட்ட போகணும். தூக்கிட்டு நிக்கற நகத்த மொதல்ல வெட்டி தூர போட்டுட்டு, அடில இருக்கற பொடிப்பொடியான வெள்ளை மாவத்தான் சுரண்டி எடுப்போம். நகத்து மேல மட்டும் வெள்ளையா இருந்தா மேல்புறத்த சுரண்டினா போதும்.

வெட்டின துண்டுக்கும் ஒரு உபயோகம் இருக்கு. அத பேத்தாலஜிக்கு அனுப்பி பி.ஏ.எஸ்-னு ஒரு சாயம் ஏத்தி பார்த்தா பூஞ்சை சுவர் ரோஸ் கலர்ல தெரியும். நகத்துக்கு இது கே.ஓ.எச், கல்ச்சர் ரெண்டையும் விட அதிகம் புடிச்சு குடுக்கும், ஆனா எந்த பூஞ்சைன்னு சொல்லாது. நக விஷயத்துல ஒண்ணுதான் எடுக்க முடியும்னா நான் பி.ஏ.எஸ்ஸத்தான் சொல்லுவேன்.

நகக் கல்ச்சர்ல ஆஸ்பர்ஜில்லஸ்னு வந்திருக்கு. நெட்ல பார்த்தா நுரையீரல்னு என்னென்னமோ போட்டிருக்கு, பயமா இருக்கு

பயப்படாதீங்க. ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் எல்லாம் காத்துல எங்கயும் மெதக்கற பூஞ்சணம், நக இடுக்குல வந்து உக்காந்திருக்கும், கல்ச்சர்ல சும்மா வளரும். ஒரே ஒரு தடவை வந்தத நோய்னு எடுத்துக்க மாட்டாங்க.

ஆனா நகத்துல உண்மையாவே நோய் பண்ற பூஞ்சணங்களும் உண்டு, ஸ்கோபுலாரியாப்சிஸ், நியோசைட்டாலிடியம், ஃபியூசேரியம், சில சமயம் ஆஸ்பர்ஜில்லஸும்தான். அதனால கே.ஓ.எச்-ல இழை தெரியணும், படர்தாமரை பூஞ்சை வளரக்கூடாது, வேற வேற நாள்ல எடுத்த சாம்பிள்லயும் அதே பூஞ்சணம் திரும்ப வரணும், அப்பதான் அத குத்தவாளின்னு சொல்றது. இன்னொரு சிக்கல், மேல சொன்ன சைக்ளோஹெக்சிமைடு இதுல சிலத வளரவே விடாது, அதனால நகத்துக்கு அது இல்லாத கல்ச்சர் ட்யூப் ஒண்ணும் சேத்து போடறது வழக்கம், உங்க லேப்ல அப்படி போட்டாங்களான்னு கேட்டுக்கங்க.

இருட்டு ரூம்ல நீல லைட் அடிச்சு பாத்தாங்க, ஒண்ணும் மின்னலன்னு சொன்னாங்க. அப்ப பூஞ்சை இல்லதானே?

அது வுட்ஸ் லேம்ப். 365 நானோமீட்டர் பக்கத்து புற ஊதா ஒளி, அமெரிக்க இயற்பியல்காரர் ராபர்ட் வுட் 1903ல செஞ்ச வடிகட்டில இருந்து வந்தது, முடில வர்ற பூஞ்சைக்கு 1925ல இருந்து உபயோகிக்கறாங்க. சிக்கல் என்னன்னா எல்லா பூஞ்சையும் மின்னாது. தலைமுடில வர்ற மைக்ரோஸ்போரம் கேனிஸ் பச்சையா மின்னும், உடம்புல படர்தாமரை பண்ற ட்ரைக்கோஃபைட்டான் வகைங்க பெரும்பாலும் மின்னவே மின்னாது. அதனால மின்னலன்னா ஒண்ணும் சொல்ல முடியாது.

அக்குள், தொடையிடுக்குல பவளச் செவப்பா மின்னினா அது பூஞ்சையே இல்ல, எரித்ராஸ்மான்னு ஒரு பாக்டீரியா வேலை. இத படர்தாமரைன்னு நெனச்சு மாசக்கணக்குல க்ரீம் போட்டுக்கிட்டு இருப்பாங்க, லைட் அடிச்ச அடுத்த நிமிஷம் விஷயம் வெளிய வந்துடும். எனக்கு இந்த லேம்ப் புடிச்சதே இதுக்காகத்தான்.

தேமலுக்கு கல்ச்சர் வேணும்னு கேட்டேன், தேவையில்லன்னுட்டாங்க. ஏன்?

தேமல் பண்ற மலசீசியா எல்லார் தோல்லயும் சும்மாவே குடியிருக்கறது, வளர்த்துப் பாத்தா உங்களுக்கும் வரும் எனக்கும் வரும். வளர்க்கறதுக்கும் ஊடகத்துல எண்ணெய் சேக்கணும், சாதா அகார்ல வராது. ஆனா கே.ஓ.எச்-ல குட்டை இழையும் உருண்டை ஈஸ்ட்டும் கலந்து தெரிஞ்சா அங்கேயே முடிவு. செதில்மேல ஒரு டேப்ப ஒட்டி எடுத்தாலே போதும், சுரண்டக்கூட வேண்டாம்.

மருந்து போட்டும் வெள்ளை போகலன்னு மறுபடி டெஸ்ட்டுக்கு வர்றாங்க. பூஞ்சை போனாலும் நெறம் திரும்ப மாசக்கணக்குல ஆகும், செதில் உதிரலன்னா பெரும்பாலும் அது வெறும் தழும்பு நெறம்தான்.

பாப்பாவுக்கு தலையில ஒரு திட்டு முடி கொட்டியிருக்கு, தலைய சுரண்டுவீங்களா?

கொஞ்சம் செதில் எடுப்போம், முக்கியமா உடைஞ்சு நிக்கற குட்டை முடிங்களயும் கரும்புள்ளியா தெரியறதையும் ட்வீசர்ல புடுங்கி எடுப்போம். நீளமா அழகா இருக்கற முடிய குடுத்தா பிரயோஜனம் இல்ல. ரொம்ப அழற குழந்தைன்னா சுத்தமான புது டூத் பிரஷ்ஷால திட்டுமேல தேச்சு அத அப்படியே அகார்ல ஒத்தி எடுத்துடலாம், கல்ச்சருக்கு அது நல்லாவே வேலை செய்யும்.

வெறும் வழுவழுன்னு செதிலே இல்லாம கொட்டியிருந்தா அது புழுவெட்டா இருக்கலாம், அது பூஞ்சை இல்ல. பூஞ்சைதான்னு தெரிஞ்சா தலைக்கு க்ரீம் மட்டும் பத்தாது, மாத்திரை இல்லன்னா சிரப் வேணும், அதனாலயே டெஸ்ட் தள்ளிப்போடக் கூடாது.

பி.சி.ஆர் எடுத்தா சீக்கிரம் வந்துடுமாமே?

ஆமா, ஒண்ணு ரெண்டு நாள்ல பூஞ்சையோட டி.என்.ஏ-வ வச்சு எது வகைன்னும் சொல்லிடும், கல்ச்சர்ல வளராததையும் புடிக்கும். ஆனா கிட்டுல எந்தெந்த பூஞ்சைக்கு ஏற்பாடு இருக்கோ அத மட்டும்தான் தேடும். செத்த பூஞ்சையோட டி.என்.ஏ-வும் பாசிட்டிவ் காட்டும், அதனால குணமாச்சான்னு பார்க்க இது சரிப்படாது.

டெர்பினஃபின் மாத்திரை சாப்பிட்டும் போகல. மருந்து வேலை செய்யுமான்னு டெஸ்ட் இருக்கா?

இருக்கு, ஆனா எல்லா லேப்லயும் இல்ல. மொதல்ல கல்ச்சர்ல வளரணும், அப்புறம் அத வெவ்வேற அளவு மருந்துல போட்டு எந்த அளவுல வளர்ச்சி நிக்குதுன்னு பார்க்கணும், எம்.ஐ.சி-ன்னு ஒரு நம்பர் வரும். பாக்டீரியா ரிப்போர்ட்ல வர்ற மாதிரி சென்சிடிவ், ரெசிஸ்டன்ட்னு நேரா கோடு போட்டு பிரிக்கற எல்லை இதுல எல்லா மருந்துக்கும் வகுக்கல, அதனால நம்பர பாத்து நீங்களா மருந்து மாத்தாதீங்க.

இதுக்கு இப்ப இவ்ளோ பேச்சு ஏன்னா ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியேன்னு ஒண்ணு. இந்தியாவுல வேகமா பரவி வேற நாடுங்களுக்கும் போயிருக்கு, 2020லதான் தனிப் பேரே வச்சாங்க, அதுக்கு முன்னாடி ட்ரைக்கோஃபைட்டான் மென்டாக்ரோஃபைட்டஸ்ங்கற பூஞ்சைல ஒரு வகையா எண்ணிக்கிட்டு இருந்தாங்க. இதுல பலதுக்கு ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் மரபணு மாறியிருக்கு, அந்த மரபணு உண்டாக்கற நொதியத்தான் டெர்பினஃபின் தாக்கும், அதனால மருந்து புடிக்கறதில்ல. கல்ச்சர் தட்டுல பார்த்தா மென்டாக்ரோஃபைட்டஸ் மாதிரியே இருக்கும், ஐ.டி.எஸ் சீக்வென்சிங், அதாவது டி.என்.ஏ-ல ஒரு பகுதிய படிச்சு பாத்தாதான் பிரிக்க முடியும், உங்க ரிப்போர்ட்ல மென்டாக்ரோஃபைட்டஸ்னு போட்டிருந்தா அது இதுவாவும் இருக்கலாம்னு டாக்டர்கிட்ட பேசுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு, சரியான அளவுல சரியான நாள் சாப்பிட்டீங்களா, கூடவே அந்த ஸ்டீராய்டு ட்யூபும் ஓடிக்கிட்டு இருந்துச்சான்னு பாத்துக்கங்க, மருந்து கேக்கலன்னு வர்றவங்கள்ல நெறைய பேர் பையில அது இருக்கும்.

தோல வெட்டி பயாப்ஸி எடுக்கணும்னு சொல்றாங்க, அவ்ளோ சீரியஸா?

சாதாரண படர்தாமரைக்கு தேவையில்ல. முடிச்சு முடிச்சா, புண்ணா, சீழோட குருணை குருணையா வெளிய வர்ற மாதிரி இருந்தா பூஞ்சை ஆழத்துல இருக்கலாம், ஸ்போரோட்ரைகோசிஸ், மைசெட்டோமா மாதிரி, அதெல்லாம் மேல்தோல சுரண்டினா கிடைக்காது.

எடுக்கறதுன்னா ஒண்ண மட்டும் கேட்டு உறுதி பண்ணிக்கங்க: துண்ட ரெண்டா பிரிச்சு ஒண்ணு ஃபார்மலின்ல, இன்னொண்ணு சலைன்ல போகணும். ஃபார்மலின்ல போட்டா பூஞ்சை செத்துடும், அதுக்கப்புறம் கல்ச்சர் கேட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது, மறுபடி வெட்டணும்.

வீட்லயே சுரண்டி கவர்ல போட்டு அனுப்பலாமா?

நகப்பொடி, செதில் எல்லாம் அனுப்பக்கூடிய சாம்பிள்தான். ஆனா எடுக்கற எடம் தப்பாயிடும், அதனால எடுக்கறது மட்டும் தெரிஞ்சவங்க எடுக்கட்டும். எடுத்தத அனுப்பறதுக்கு மடிச்ச காகிதம்தான் பெஸ்ட், கருப்பு காகிதம்னா செதில் கண்ணுக்கு தெரியும். இறுக்கி மூடின பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், ஈரம் கட்டி பாக்டீரியா ஏறிடும். ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, எபிடெர்மோஃபைட்டான் மாதிரி சில பூஞ்சைக்கு குளிர் ஆகாது. காஞ்சிருந்தா ரூம் வெப்பத்துலயே நாள்கணக்குல தாங்கும்.

அரிப்பு நின்னாச்சு, மறுபடி டெஸ்ட் எடுக்கணுமா?

உடம்புல சாதா படர்தாமரைன்னா, செதில் ஓரம் எல்லாம் மறைஞ்சு டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போட்டு முடிச்சா பெரும்பாலும் வேண்டாம். அரிப்பு நின்ன அன்னைக்கே நிறுத்திட்டு வந்து "நெகட்டிவ்தானே பாருங்க"ன்னு கேட்டா அது நாலஞ்சு நாள் முன்ன போட்ட க்ரீமோட ரிசல்ட்தான், மேலயே சொல்லியிருக்கேன். தலைக்கு கல்ச்சர் நெகட்டிவ் ஆகற வரைக்கும் பார்க்கறது வழக்கம். நகத்துல கால் கட்டைவிரல் நகம் முழுசா புதுசா வளர ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும், அதுக்கு நடுவுல பழைய நகம் அசிங்கமாத்தான் இருக்கும், அத பாத்து மருந்து கேக்கலன்னு முடிவு பண்ணாதீங்க, அடில இருந்து நல்ல நகம் வருதான்னு பாருங்க.

வீட்ல இருக்கற எல்லாருக்கும் எடுக்கணுமா?

அரிப்போ திட்டோ இருக்கறவங்களுக்கு எடுங்க, எல்லாருக்கும் ஒரே நேரத்துல மருந்து ஆரம்பிக்கறதுக்கு அது உதவும். தலைல வர்ற ட்ரைக்கோஃபைட்டான் டான்சுரன்ஸ்னு கல்ச்சர் சொன்னா மட்டும், ஒண்ணுமே இல்லாத மத்த பிள்ளைங்களுக்கும் பிரஷ் சாம்பிள் எடுக்க சொல்லலாம், வெளிய தெரியாமலே தலைல வச்சிருப்பாங்க. மைக்ரோஸ்போரம் கேனிஸ்னு வந்தா பூனை, நாய்க்குட்டிய கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க.